ஐஸ்கட்டிய அடுப்பில வச்சுப் பாப்பம்

திண்மம், திரவம், வாயு எண்டு பாடமாக்கினது எல்லாருக்கும் தெரியும், ஆனா சூடாக்கேக்க உள்ளுக்க என்ன நடக்குது எண்டு ஒருக்கா கண்ணால பாத்தா பேந்து மறக்காது.

1. வேண்டியது: ஐஸ், சின்னச் சட்டி, காஸ் அடுப்பு, 110 பாகை வரைக்கும் காட்டுற ஆய்வுகூட வெப்பமானி. காய்ச்சல் பாக்கிறதைப் போட்டுடாதேங்கோ, அது 42 ஓட முடிஞ்சிடும், வெடிச்சும் போகும். ஐஸ் வீட்டு பிரிட்ஜில வச்சதா இருக்கட்டும். நான் முதல்தரம் மீன் பெட்டி ஐஸ வாங்கி வந்து பூச்சியத்துக்குக் கீழ காட்டுது எண்டு வெப்பமானியப் பிழை சொன்னன், கடைசில பாத்தா அதில உப்புத்தண்ணி பட்டிருக்கு, உப்பு சேந்தா உருகுநிலை இறங்கும்.

2. ஐஸ இடிச்சு கொஞ்சம் தண்ணி விட்டு மெல்லிய நெருப்பில வையுங்கோ. கிளிநொச்சி வெயிலுக்கு அடுப்புக்கு முதலே உருகிடும், கெதியாச் செய்யுங்கோ. வெப்பமானிய நூலில கட்டித் தொங்கவிடுங்கோ, அடியில முட்டப்படாது. கரண்டியால கலக்கிக்கொண்டு நிமிசத்துக்கு ஒருக்கா எழுதுங்கோ.

இதுதான் முக்கியமான இடம். நெருப்பு எரியுது, ஆனா கட்டி மிச்சமிருக்கும் வரைக்கும் முள்ளு குத்தினமாதிரி 0 இலயே நிக்கும். சூடு எங்க போகுது? இறுக்கிப் பிடிச்சிருக்கிற துணிக்கைகளப் பிரிச்சு விடுறதுக்குப் போகுது, இதத்தான் மறைவெப்பம் எண்டுறது. 1 கிராம் ஐஸ் உருக 334 யூல் (சூட்டை அளக்கிற அலகு) வேணும், அந்தச் சூட்டில அதே தண்ணிய 0 இல இருந்து கிட்டத்தட்ட 80 பாகைக்கு ஏத்தலாம்!

3. கட்டி முடிஞ்சோடன ஏறத் தொடங்கும், 100 கிட்ட திரும்ப நிக்கும். (நுவரெலியா உயரத்தில 94 அளவிலயே கொதிக்கும், கிளிநொச்சி இருக்கிற வன்னி பதிஞ்ச நிலம், அதால 100 கிட்ட.) 0 இல இருந்து கொதிக்க 10 நிமிசம் எடுத்தா, அதே நெருப்பில முழுக்க வத்த இன்னும் 50 நிமிசத்துக்கு மேல வேணும், அதால சட்டிய மறந்துபோட்டுப் போகாதேங்கோ.

4. இப்ப ஒரு கேத்தில்ல தண்ணி கொதிக்க வச்சு அதின்ர வாயப் பாருங்கோ. வாயோட ஒட்டி ஒரு விரலளவு ஒண்டுமே தெரியாது, அதுதான் உண்மையான நீராவி. அதுக்கங்கால வெள்ளையா வாறது ஆவியில்ல, குளிந்து திரும்பத் தண்ணியான சின்னத் துளியள். குளிர்ந்த கோப்பையைக் கிடுக்கியால பிடிச்சு ஆவியில காட்டுங்கோ, அதில தண்ணித்துளி ஒட்டும்; கையால வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவில உருகும், அதால இஞ்ச போத்தில்ல அநேகமாத் திரவம், பிரிட்ஜில வச்சா வெள்ளைக்கட்டி. கற்பூரம் உருகாமலே ஆவியாகும், அது பதங்கமாதல், மூடின போத்தில்ல கொஞ்ச நாள் வச்சா குளிர்ப்பக்கச் சுவரில பளிங்குத்தூள் ஒட்டியிருக்கும்.