ஒவ்வொரு நாளும் ஒரு படம் கீறப் போறீங்களோ?

30 நாள் விடாமல் படம் கீறுவம் எண்டு வெளிக்கிடுற ஆக்கள் முதல்ல தாளைச் சின்னனாக்குங்கோ, 300 ஜிஎஸ்எம் தடிப்பான ஏ4 தாள் ஒண்டை நாலா வெட்டினா நாலு நாளுக்குக் காணும், போஸ்ட்காட் அளவு, அரை மணித்தியாலத்தில முடிக்கலாம். கலரும் மூண்டு போதும், அல்ட்ராமரைன் நீலம், மஞ்சள் ஓக்கர் எண்ட மண்மஞ்சள், பேர்ன்ட் சியனா எண்ட செம்மண்ணிறம். நீலத்தோட சியனாவைக் கலந்து பாருங்கோ, பனையின்ர அடிமரத்துக் கருஞ்சாம்பல் அப்பிடியே வரும், ரியூப் கறுப்பில அந்த உயிர் இல்லை.

எங்கட வன்னி வெயிலுக்கு அக்ரிலிக் பெயின்ற் கலக்கிற தட்டிலயே காய்ஞ்சிடும், அதால ஈரத்துணிக்கு மேல பேக்கிங் பேப்பர் விரிச்சு அதில பெயின்ற்றை வையுங்கோ. இரணைமடுக் குளக்கட்டுக்குக் கீறப் போறதெண்டா காலமை 6.30க்கே போங்கோ, நிழல் நீளமா விழுற நேரம் அது, பிறகு வெயில் ஏற எல்லாம் வெளிறிப்போகும். ஒரு நாள் தவறினா அடுத்த நாள் ரெண்டு கீற வேண்டாம், விட்டிட்டு அண்டைய படத்தைக் கீறுங்கோ.