சிம் கார்டைக் கழற்றும் முன்னும் மாட்டிய பின்னும்

பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ஊருக்கு வருகிற பிள்ளைகள், சென்னையிலோ மும்பையிலோ தாங்கள் வைத்திருந்த போனை அம்மாவுக்கோ ஆச்சிக்கோ கொடுத்து, அவர்களுடைய பட்டன் போனில் கிடந்த சிம்மை அதில் மாட்டித் தருவது திருநெல்வேலிச் சீமையில் இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம். கார்டைக் கழற்றி மாட்டும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் வங்கிக் கணக்கு, ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் சிலிண்டர் பதிவு என்று ஒரு குடும்பத்தின் முக்கால்வாசி வரவுசெலவு அந்த ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பதால், கழற்றும் முன் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டால், பிள்ளைகள் பஸ் ஏறிய பிறகு வீட்டிலிருக்கும் பெரியவர்கள்தான் அலைய வேண்டியிருக்கும். அதனால் மாட்டும் விதத்தோடு, அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண் யாருடைய பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கிராமங்களில் ஆச்சி பேசும் எண் பேரன் பெயரிலும், மருமகள் பேசும் எண் மறைந்த மாமனார் பெயரிலும் இருப்பது சர்வ சாதாரணம். கார்டு நன்றாக ஓடுகிறவரை இதனால் ஒரு தொந்தரவும் இராது. கார்டு உடைந்தோ தொலைந்தோ போகும் நாளில், யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் நேரில் வந்தால்தான் மாற்றுக் கார்டு கிடைக்கும் என்பதால், அப்போது தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் எண்ணையும் அதற்கு வரும் ஓ.டி.பி.யையும் கொடுத்தால், உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று காட்டிவிடும். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 எண்கள் வரைதான் இருக்கலாம். அந்தப் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத எண் ஏதாவது கண்ணில் பட்டால், அது தன்னுடையதில்லை என்று அங்கேயே புகார் செய்ய வழி இருக்கிறது. அதைச் செய்யாமல் பக்கத்தை மூடக் கூடாது.

அடுத்தது பெயர்களும் எண்களும். பட்டன் போன்களில் சேமித்த எண்கள் போனின் நினைவகத்தில் இருக்கலாம், சிம்மிலும் இருக்கலாம்; எதில் இருக்கின்றன என்று பயன்படுத்துகிறவருக்கே பெரும்பாலும் தெரிந்திருக்காது. கார்டை வெளியே எடுப்பதற்கு முன்பே, தொடர்புகள் பகுதிக்குள் போய், எல்லாவற்றையும் சிம்முக்கு நகலெடுக்கும் வசதியைத் தேடி அழுத்திவிட வேண்டும். வழக்கமாக ஒரு சிம்மில் 250 எண்கள் அளவுக்கு இடம் இருக்கும். நீளமான பெயர்களின் வால் அறுந்துபோகும் என்பதால், ‘சுப்புலட்சுமி மதினி மேலப்பாளையம்’ என்று எழுதியிருந்தால் ‘மேலப்பாளையம்’ நின்றுபோகலாம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் முன்கூட்டியே சுருக்கி எழுதிக்கொள்ளுங்கள். புதிய போனில் சிம்மை மாட்டிய பிறகு, தொடர்புகள் செயலியின் அமைப்புகளில் சிம்மிலிருந்து இறக்குமதி செய்யும் வசதியைப் பயன்படுத்தி, அவற்றைக் கூகுள் கணக்கில் சேமித்துவிட்டால், அடுத்த முறை போன் மாறும்போது இந்த வேலையே இராது.

சிம்முக்கு ரகசிய எண் பூட்டுப் போட்டிருக்கிறதா என்பதையும் பழைய போனிலேயே பார்த்துவிட வேண்டும். போனைத் திறக்கும் பூட்டு வேறு, சிம்முக்குப் போடும் பூட்டு வேறு. சிம் பூட்டு போடப்பட்டிருந்தால், புதிய போனில் மாட்டியதும் அது அந்த எண்ணைக் கேட்கும். மூன்று முறை தவறாக அழுத்தினால் சிம் பூட்டிக்கொண்டு, பக் எனப்படும் 8 இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறாகக் கொடுத்தால் அந்தக் கார்டு அத்தோடு முடிந்தது, புதிய கார்டுதான் வாங்க வேண்டும். ஆகையால் ரகசிய எண் நினைவில் இல்லாதபோது ஊகித்து அழுத்திப் பார்க்காமல், சிம் வந்த பெரிய அட்டையைத் தேடிப் பாருங்கள். அதன் மேல் பக் எண் அச்சிட்டிருக்கலாம். அட்டை கிடைக்காவிட்டால் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

இனி கார்டின் அளவு. பழைய பட்டன் போன்களில் இருப்பது 25 மில்லிமீட்டர் நீளமும் 15 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பெரிய சிம். அதற்கடுத்த மைக்ரோ சிம் 15-க்கு 12. இப்போதைய போன்கள் கேட்கும் நானோ சிம் 12.3-க்கு 8.8. அண்மைக் காலத்தில் வாங்கிய கார்டாக இருந்தால் மூன்று அளவுக்கும் கோடு வெட்டியே இருக்கும், விரலால் மெல்ல அழுத்தினால் சிறியது தனியே வந்துவிடும். கோடு இல்லாத பழைய கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டித் தருகிற கடைகள் உண்டு. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பொன்னிறத் தகட்டின் ஓரத்தில் கத்தரி பட்டாலே கார்டு போய்விடும், மேலும் நானோ சிம் பழையவற்றைவிட மெல்லியது என்பதால் வெட்டிய கார்டு தட்டுக்குள் இறுகிச் சிக்கிக்கொள்ளும். சரியான அளவில் மாற்றுக் கார்டு வாங்குவதே மேல்.

இப்போது போனை அணைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே சிம்மை மாற்ற விடும் போன்கள் இருக்கின்றன என்றாலும், அணைத்துவிட்டுச் செய்வதில் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை. பட்டன் போனாக இருந்தால் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்தால், அதன் அடியில் சிம் தெரியும்; சிலவற்றில் தகரக் கவ்வியைச் சற்றுத் தள்ளித் தூக்க வேண்டும், சிலவற்றில் கார்டை விரலால் தள்ளி உருவ வேண்டும்.

ஸ்மார்ட்போனின் பக்கவாட்டில், சிறு துளையோடு கூடிய மெல்லிய செவ்வகக் கோடு தெரியும். அதுதான் சிம் தட்டு. அந்தத் துளைக்குள் ஊசியை நேராக நுழைத்து, உள்ளே ஏதோ ஒன்று மெதுவாக விட்டுக்கொடுப்பது கைக்குத் தெரியும்வரை அழுத்தினால், தட்டு ஒரு நூல் அளவு வெளியே தலைகாட்டும். அதன் பிறகு நகத்தால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். போன் பெட்டியில் வந்த ஊசி தொலைந்துபோயிருந்தால் ஜெம் கிளிப்பை நிமிர்த்திக்கொள்ளலாம். தையல் ஊசி கூர்மையானது, உள்ளே கீறிவிடும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போனின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இதே போன்ற சிறு துளைகள் தனியாக இருக்கும். அவை மைக்குக்கு உரியவை. அவற்றில் ஊசியை விட்டால், பேசுவது எதிர்முனைக்குக் கேட்காமல் போய்விடும். செவ்வகக் கோட்டுக்குள் இருக்கும் துளைதானா என்று பார்த்த பிறகே ஊசியை நுழைக்க வேண்டும்.

நானோ சிம்மின் ஒரு மூலை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். தட்டிலும் அதே சாய்வு இருக்கும்; இரண்டும் பொருந்தினால் கார்டு மேடுபள்ளமின்றிப் படிந்து உட்காரும், பொருந்தாவிட்டால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். தூக்கிக்கொண்டு நிற்கும்போது தட்டை அழுத்தித் தள்ளக் கூடாது. பொன்னிறத் தகடு மேல் நோக்க வேண்டுமா கீழ் நோக்க வேண்டுமா என்பது போனுக்குப் போன் மாறும் என்பதால், பழைய கார்டு எப்படி இருந்தது என்று எடுக்கும்போதே பார்த்துக்கொள்வது உதவும். பல போன்களில் இரண்டாவது இடம் சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் பொதுவானது. ஒன்றை வைத்தால் மற்றொன்றை வைக்க முடியாது.

சிறிய சிம்மைப் பெரிய இடத்தில் பொருத்துவதற்கான பிளாஸ்டிக் சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பட்டன் போனுக்குத் திரும்ப மாறுகிறவர்களுக்கு அது பயன்படும். சிம் இல்லாத வெறும் சட்டத்தை மட்டும் போனுக்குள் தள்ளிவிட்டு வெளியே இழுத்தால், உள்ளே இருக்கும் மெல்லிய உலோக நாக்குகள் அந்த ஓட்டையில் மாட்டி வளைந்துவிடும். அதற்குப் பிறகு எந்தச் சிம்மைப் போட்டாலும் போன் அதை அறியாது. உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றினால் பொன்னிறத் தகட்டில் பாசி போல ஒரு படலம் படிந்திருந்தால், உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் மெல்லத் துடைத்தால் போதும்; தண்ணீரோ எச்சிலோ படக் கூடாது.

போனை இயக்கிச் சிக்னல் வந்த பிறகு, பேசிப் பார்த்ததோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது. வெளியே ஓர் அழைப்பு, உள்ளே ஓர் அழைப்பு, ஒரு குறுஞ்செய்தி, வைஃபை இல்லாமல் நெட் ஆகிய நான்கையும் சோதிக்க வேண்டும். இரண்டு சிம் உள்ள போனில், அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் நெட்டுக்கும் எந்தச் சிம் என்று அமைப்புகளில் தனித்தனியாகக் குறித்துக் கொடுங்கள். ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது என்பதால், 4ஜி வழியாகவே பேச விடும் வோல்ட்டி (VoLTE) வசதியுள்ள 4ஜி போனில்தான் அந்தச் சிம்மில் நேரடியாகப் பேச முடியும். சாதாரண 2ஜி பட்டன் போனில் அதை மாட்டினால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சிக்னல் வராது. பேசமுடிந்து நெட் மட்டும் வராவிட்டால், போனைக் கம்பெனியின் நெட்டோடு இணைக்கும் ஏபிஎன் (APN) என்ற அமைப்பைப் பார்த்து, அதைத் தொடக்க நிலைக்கு மாற்றிவிட்டு, போனை ஒரு முறை அணைத்து எழுப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கூகுள் பே, போன்பே போன்றவை புதிய போனில் வங்கிக் கணக்கைச் சேர்க்கும்போது, வங்கியில் பதிவான எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தியைத் தாங்களே அனுப்பிச் சரிபார்க்கும். அந்தச் சிம்மின் ரீசார்ஜில் குறுஞ்செய்தி வசதி இல்லாவிட்டாலோ, செய்தி இரண்டாவது சிம்மிலிருந்து போய்விட்டாலோ, சரிபார்ப்பு தோற்றுப்போகும். செயலி கெட்டுவிட்டதென்று பலர் தவிப்பது இந்த இடத்தில்தான். மாற்றிய முதல் நாளில் அனுப்பும் தொகைக்கும் வரம்பு இருக்கும். வாட்ஸ்அப்பைப் புதிய போனில் திறக்கும் முன், பழைய போனில் உரையாடல்களைக் காப்புநகல் எடுத்துவிட வேண்டும். புதிய போனில் பதிவு செய்த பிறகு அது பழையதில் வெளியேறிவிடும்.

பாபநாசம், காரையார், மாஞ்சோலை என்று மலைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள், எந்தக் கம்பெனியின் சிக்னல் எடுக்கும் என்று அங்குள்ளவர்களிடம் கேட்டு, அந்தக் கம்பெனியின் கார்டை இரண்டாவது சிம்மாக வைத்துக்கொள்வது நல்லது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்குள் நுழைந்தால் அது கேரளத் தொலைத்தொடர்பு வட்டம்; அங்கே நெட் நின்றுவிட்டால் சிம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டாம், வெளி வட்டத்திலும் நெட் எடுக்க விடும் டேட்டா ரோமிங் வசதியை இயக்கினால் போதும்.

தொலைந்த, உடைந்த அல்லது அளவு பொருந்தாத கார்டுக்குப் பதிலாக அதே எண்ணில் மாற்றுக் கார்டு வாங்கும்போது, பதிவு பெற்றவர் ஆதாரோடு நேரில் போக வேண்டும். புதிய கார்டு உயிர் பெற்ற கணமே பழையது செத்துவிடும். அத்தோடு, சிம் மாற்றி மோசடி செய்கிறவர்களைத் தடுக்க 2022-இல் வந்த உத்தரவின்படி, புதிய கார்டில் முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வரவும் வராது, போகவும் போகாது, அதாவது ஓ.டி.பி. கிடைக்காது. வங்கியில் பணம் அனுப்ப வேண்டிய நாள், ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட வேண்டிய நாள் போன்றவற்றில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. பிள்ளைகள் வந்த முதல் நாளே முடித்துவிட்டால், மறுநாள் எல்லாவற்றையும் உடனிருந்து சோதித்துக் கொடுக்கலாம்.

எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்ற விரும்புகிறவர்கள், ஆங்கிலத்தில் போர்ட் (PORT) என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, தங்கள் பத்து இலக்க எண்ணையும் எழுதி, 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். இந்த வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. பதிலாக வரும் 8 எழுத்துக் குறியீடு 4 நாட்கள் செல்லும். அதற்குள் புதிய கம்பெனியின் கடையில் கொடுத்தால், தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுவதற்கு 3 வேலை நாட்கள் ஆகும். அந்த எண்ணை வாங்கி 90 நாட்கள் ஆகியிருக்க வேண்டும். 2024 ஜூலையிலிருந்து, மாற்றுக் கார்டு வாங்கிய 7 நாட்களுக்குள் இந்தக் குறியீடு கிடைக்காது. பழைய கார்டில் மிச்சமிருக்கும் பணம் புதியதற்கு வராது, ஆகவே பெரிய ரீசார்ஜ் போட்ட மறுநாள் மாறாதீர்கள். சிக்னல் போகிறவரை பழைய கார்டைக் கழற்றாமல் வைத்திருந்து, அது நின்ற பிறகு புதியதை மாட்ட வேண்டும்.

‘உங்கள் சிம்மை 5ஜிக்கு மாற்ற வேண்டும், வந்த எண்ணைச் சொல்லுங்கள்’ என்று யார் கூப்பிட்டாலும் சொல்லக் கூடாது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் 4ஜி சிம்மே 5ஜிக்கும் போதும். பக்கத்து வீட்டில் அதே கம்பெனியின் சிக்னல் இருக்கும்போது உங்கள் போனில் மட்டும் நெடுநேரம் சிக்னல் இல்லாவிட்டால், வேறு யாராவது உங்கள் எண்ணில் கார்டு வாங்கியிருக்கக் கூடும். வேறொரு போனிலிருந்து கம்பெனியையும் வங்கியையும் உடனே கூப்பிடுங்கள். பணம் போயிருந்தால், இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் தாமதிக்காமல் புகார் செய்ய வேண்டும்.

புதிய போனை ஒப்படைக்கும் முன் *#06# என்று அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். அதை வங்கிப் பாஸ்புக்கின் பின்னட்டையில் எழுதி வையுங்கள், போன் தொலைந்தால் சஞ்சார் சாத்தி வழியாக அதை முடக்க அந்த எண் வேண்டும். பழைய போனை வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், புதிய போனில் வங்கிச் செயலிகளும் வாட்ஸ்அப்பும் ஓடுவதை உறுதி செய்துகொண்டு, பழையதில் கூகுள் கணக்கை நீக்கி, மெமரி கார்டை எடுத்துவிட்டு, முழுவதுமாக அழித்த பிறகு கொடுங்கள்.