முழங்கை வீக்கமும் மொசைக் தரையும்

எங்கள் கருப்பன் லேப்ரடார் நாய், 42 கிலோ. ராயபுரத்து வெயிலுக்கு மொசைக் தரையை விட்டு எழவே மாட்டான். சித்திரையில் இடது முழங்கையில் எலுமிச்சை அளவு வீக்கம். தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி தளும்பியது. வலியில்லை. "ஊசியால குத்தி எடுத்துடுங்க" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். நல்லவேளை, வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். கனமான உடம்பு, கெட்டித் தரை, எலும்பு அழுந்தி நீர் கோத்திருக்கிறது; குத்தினால் கிருமி ஏறும், மெத்தை போடுங்கள் என்றார் டாக்டர்.

படுத்தால்தானே! புழுக்கம் தாங்காமல் மெத்தையைக் காலால் தள்ளிவிட்டுத் தரைக்கே போனான். கடைசியில் பழைய கொயர் மெத்தையை வெட்டி, அம்மாவின் நூல் புடவையைச் சுற்றி, டேபிள் ஃபேன் எதிரில் போட்டேன். அன்றிரவே குறட்டை. ராத்திரி பரோட்டாத் துண்டையும் நிறுத்தினேன். அதற்குச் சண்டை போட்டது அவனில்லை, அப்பா. ஒன்றரை மாதத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. தோல் மட்டும் இன்னும் தடிப்பாக இருக்கிறது.