முப்பது கட்டங்களில் குரோஷா: முதல் போர்வையைப் பின்னும் முறை

நுனியில் கொக்கியுள்ள ஊசியால் நூலைப் பின்னும் கலையான குரோஷாவைக் கற்க விரும்புபவர்களில் பலர் ஏதேனும் ஒரு பொம்மையையோ தொப்பியையோ பார்த்து ஆசைப்பட்டு நேராக அதிலேயே கை வைக்கிறார்கள். நான்காவது வரிசையில் கணக்குத் தவறியதும் ஊசியும் நூலும் பரணுக்குப் போய்விடுகின்றன. அதைவிடச் சிறு சதுரங்களைத் தனித்தனியே பின்னி, இறுதியில் இணைத்துப் போர்வையாக்குவது நல்ல வழி. சதுரம் ஒன்று கெட்டால் அது மட்டுமே கெடும். அதைப் பிரித்துவிட்டு அடுத்த நாள் அதே நூலில் மீண்டும் பின்னலாம்.

இங்கே நான் சொல்லும் போர்வை, 15 செ.மீ. அளவுள்ள 30 சதுரங்களால் ஆனது. அகலத்தில் ஐந்தும் நீளத்தில் ஆறுமாக வைத்தால் 75 செ.மீ.க்கு 90 செ.மீ. வரும், கைக்குழந்தைக்குப் போர்த்தவும் பெரியவர்கள் மடியில் விரித்துக்கொள்ளவும் இது போதும். ஆறு வகைப் பின்னல்களைக் கற்று, ஒவ்வொன்றிலும் ஐந்து சதுரங்கள் செய்ய வேண்டும். ஒரே பின்னலை ஐந்து முறை செய்வது சலிப்பூட்டும் என்று தோன்றலாம். ஆனால் முதல் சதுரத்தில் ஊசியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த கண், மூன்றாவது சதுரத்தில்தான் பின்னலைப் பார்க்கத் தொடங்கும்.

வீட்டில் பாட்டி காலத்து எஃகு ஊசி இருந்தால் அதை இப்போது எடுக்க வேண்டாம். அது மெல்லிய பருத்தி நூலில் லேஸ் பின்னுவதற்கான ஊசி. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு அதில் விழும் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், கண்ணுக்கே தெரியாது. 4.5 மி.மீ. அலுமினிய ஊசியும், அதற்கேற்ற நடுத்தரத் தடிமனுள்ள நூலும் வாங்குங்கள். அக்ரிலிக் உல்லன் நூல் விலை மலிவு, துவைப்பதும் எளிது. ஆனால் வெப்பமான ஊர்களில் அதைப் போர்த்திக்கொள்ள முடியாது என்பதால், அங்கே இருப்பவர்கள் பருத்தி நூலை எடுப்பது நல்லது. பருத்தி நூல் கைக்குச் சற்று விறைப்பாக இருக்கும், போர்வையும் கனக்கும். எந்த நூலானாலும் முதல் சதுரங்களுக்கு வெளிர் நிறத்தையே தேர்ந்தெடுங்கள், ஏனெனில் கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி எங்கே இருக்கிறது என்று தேர்ந்தவர்களே தேட வேண்டியிருக்கும். இவற்றோடு கத்தரிக்கோல், அளவு நாடா, பெரிய காதுள்ள மழுங்கிய ஊசி, நான்கைந்து ஊக்குகள் இருந்தால் போதும். எவ்வளவு நூல் தேவை என்பதை அறிய, முதல் சதுரத்தைச் சமையலறைத் தராசில் நிறுத்து, அந்த எடையை முப்பதால் பெருக்கி, இணைப்புக்கும் ஓரத்துக்குமாக அதில் கால் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஊசியில் நூலைச் சுருக்கு முடிச்சாகப் போட்டு, கொக்கியில் நூலைச் சுற்றி அந்தச் சுருக்கின் வழியாக இழுத்தால் ஒரு சங்கிலி உருவாகும். குரோஷாவின் எல்லாப் பின்னல்களும் இந்த ஒரு செயலின் விரிவுதான். நூலை இடது கைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலின் மேலாகக் கொண்டுவந்தால் இழுவிசை ஒரே சீராக இருக்கும். நாரில் பூக்கட்டிப் பழகிய கைக்கு இது விரைவில் பிடிபட்டுவிடும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றிச் செய்யலாம். பின்னலில் ஒரு குறையும் வராது. அடிச்சங்கிலிதான் உள்ளதிலேயே கடினமான பகுதி என்பதையும், அது முதலிலேயே வந்து நிற்கிறது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அது இறுகிப்போனால் அந்தப் பக்கம் சுருங்கி, சதுரம் விசிறியாகிவிடும். அப்படி நேர்ந்தால் சங்கிலியை மட்டும் 5 மி.மீ. ஊசியில் போட்டுவிட்டு 4.5க்குத் திரும்பிவிடலாம்.

முதல் வகை சிங்கிள் குரோஷா. 23 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் கொக்கியை நுழைத்து, நூலைச் சுற்றி இழுங்கள். ஊசியில் இரண்டு கண்ணிகள் இருக்கும். மீண்டும் நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுத்தால் ஒரு சிங்கிள் முடிந்தது. வரிசை முடிவில் 22 சிங்கிள் இருக்க வேண்டும். ஒரு சங்கிலி போட்டுத் துணியைத் திருப்பி, அடுத்த வரிசையைத் தொடங்குங்கள். நான் முதன்முதலாகப் பின்னியது 22இல் தொடங்கிப் 17இல் முடிந்தது. சதுரம் பின்னியதாக நினைத்துக்கொண்டிருந்தேன், கையில் இருந்தது சரிவகம். வரிசையின் கடைசிப் பின்னல் ஓரத்தில் மடங்கி ஒளிந்துகொள்வதே இதற்குக் காரணம். ஒவ்வொரு வரிசையிலும் முதல் பின்னலிலும் கடைசிப் பின்னலிலும் ஓர் ஊக்கைக் குத்தி வைத்தால் இந்தத் தவறு நேராது. புள்ளிக் கோலத்தில் புள்ளியை எண்ணுவது போல, முதல் ஐந்து சதுரங்கள் வரை ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள்.

எத்தனை வரிசை பின்ன வேண்டும் என்று நான் எண்ணிக்கை சொல்லப்போவதில்லை, ஏனெனில் ஒவ்வொருவர் கையின் இறுக்கமும் வேறு. ஒரு மூலையைப் பிடித்து எதிர் மூலைக்குக் குறுக்காக மடியுங்கள். விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக அமர்ந்தால் சதுரம் முடிந்தது என்று பொருள். அகலம் 15 செ.மீ.க்கு மேல் போனால் ஊசியை 4க்கு மாற்றுங்கள், குறைந்தால் 5க்கு மாற்றுங்கள்.

இரண்டாவது வகையான அரை டபுளுக்கு, கொக்கியை நுழைப்பதற்கு முன்பே ஒரு முறை நூலைச் சுற்றிக்கொண்டு, நுழைத்து இழுத்த பிறகு ஊசியில் இருக்கும் மூன்று கண்ணிகளின் வழியாகவும் ஒரே இழுப்பில் வெளியே வர வேண்டும். 24 சங்கிலியில் தொடங்கி மூன்றாவது சங்கிலியில் முதல் பின்னலைப் போட்டால் 22 வரும். திருப்பும்போது இரண்டு சங்கிலி போட வேண்டும், அவற்றைப் பின்னலாக எண்ண வேண்டாம். மூன்றாவது வகை டபுள் குரோஷா. இதிலும் முதலில் நூலைச் சுற்றிக்கொண்டுதான் நுழைய வேண்டும், ஆனால் மூன்று கண்ணிகளையும் இரண்டிரண்டாக இரு தடவையில் கழற்ற வேண்டும். 24 சங்கிலி போட்டு நான்காவது சங்கிலியில் தொடங்குங்கள். தாண்டிய மூன்று சங்கிலிகளும் சேர்ந்து முதல் டபுளாகக் கணக்கில் வரும். திருப்பும்போது போடும் மூன்று சங்கிலிகளும் அப்படியே ஒரு டபுளாகின்றன என்பதால், அந்த வரிசையில் அடியில் உள்ள முதல் பின்னலைத் தாண்டி, கடைசி டபுளை முந்தைய வரிசையின் மூன்று சங்கிலியின் உச்சியில் போட வேண்டும். டபுள் சதுரங்கள் கூம்பிப்போவதும் அகன்றுபோவதும் பெரும்பாலும் இந்த இடத்தை மறப்பதால்தான்.

பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க முறையில் சிங்கிள் எனப்படுவது பிரித்தானிய முறையில் டபுள். அமெரிக்க டபுள் அங்கே ட்ரெபிள். நான் இங்கே அமெரிக்கப் பெயர்களையே வைத்திருக்கிறேன். வேறொரு குறிப்பைப் பின்பற்றும்போது, அதில் சிங்கிள் குரோஷா என்ற சொல் ஓரிடத்தில் வந்தாலும் அது அமெரிக்க முறை என்று முடிவு செய்துகொள்ளலாம், ஏனெனில் பிரித்தானிய முறையில் அப்படி ஒரு பின்னலே இல்லை.

நான்காவது வகையான மாஸ் பின்னலைப் பார்ப்பவர்கள் கைத்தறித் துணி என்றே நினைப்பார்கள். இந்த ஆறில் எனக்குப் பிடித்ததும் இதுவே. 24 சங்கிலி போட்டு, நான்காவதில் ஒரு சிங்கிள், ஒரு சங்கிலி, ஒன்றைத் தாண்டி மீண்டும் சிங்கிள் என்று கடைசிச் சங்கிலி வரை போங்கள். திருப்பி இரண்டு சங்கிலி போட்டு, இனிச் சிங்கிளின் தலையில், அதாவது அதன் மேல்முனையில், குத்தாமல், முந்தைய வரிசையின் ஒற்றைச் சங்கிலிக்குக் கீழே உள்ள இடைவெளியில் மட்டும் சிங்கிள் போட்டு, இடையிடையே ஒரு சங்கிலி விட்டுச் செல்லுங்கள். கடைசிச் சிங்கிள் ஓரத்து இடைவெளியில் விழும்.

ஐந்தாவது, கூடைப் பின்னல். இது 28 சங்கிலியில் தொடங்கி, 26 டபுள் கொண்ட ஓர் அடி வரிசையின்மேல் நிற்கும். அடுத்த வரிசையை இரண்டு சங்கிலியில் தொடங்குங்கள். அது ஓரத்து டபுளாகக் கணக்கில் வரும். பிறகு டபுளை முந்தைய வரிசைப் பின்னலின் தலையில் போடாமல், தலைக்குக் கீழே நிற்கும் அதன் தண்டைச் சுற்றிப் போட வேண்டும்: நான்கு பின்னல்களுக்குக் கொக்கி முன்பக்கமிருந்து நுழைந்து தண்டைச் சுற்றி முன்பக்கமே வெளிவரும், அடுத்த நான்குக்குப் பின்பக்கமிருந்து. இவ்வாறு மாறி மாறி ஆறு கட்டங்கள் போட்டு, ஓரத்தில் ஒரு சாதாரண டபுளோடு முடியுங்கள். திருப்பியதும் உங்களை நோக்கிப் புடைத்து நிற்கும் கட்டத்தில் முன்பக்கமாகவும், உள்ளே அமிழ்ந்ததில் பின்பக்கமாகவும் போடுங்கள். மூன்றாவது வரிசையில் இதைத் தலைகீழாக மாற்றினால் ஓலைக்கூடையின் முடைதல் தெரியத் தொடங்கும். அதன் பிறகு இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே போங்கள். தண்டுப் பின்னல் அகலத்தைச் சுருக்கும் என்பதற்காகத்தான் இங்கே நான்கு பின்னல்கள் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். நூலும் மற்றவற்றைவிட அதிகம் பிடிக்கும்.

ஆறாவது வகையான கிரானி சதுரத்தை முதலில் கற்பிப்பவர்கள் உண்டு. நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது வரிசையாகப் போகாமல் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வளர்வதால், பின்னலைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வழி தப்பிவிடும் என்பதே. நான்கு சங்கிலி போட்டு, முதல் சங்கிலியில் கொக்கியை நுழைத்து, இழுத்த நூலை ஊசிக் கண்ணி வழியாகவும் உடனே இழுத்து வளையமாக்குங்கள். இதற்கு நழுவுப் பின்னல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வளையத்துக்குள் மூன்று டபுள், இரண்டு சங்கிலி என்று நான்கு முறை போட்டால் நான்கு மூலைகள் கிடைக்கும்; முதல் டபுளுக்குப் பதிலாக மூன்று சங்கிலி போட்டு, சுற்று முடிவில் அதன் உச்சியில் நழுவுப் பின்னலால் இணைக்க வேண்டும். அடுத்த சுற்றுகளில், மூலை இடைவெளி ஒவ்வொன்றிலும் மூன்று டபுள், இரண்டு சங்கிலி, மூன்று டபுள். பக்க இடைவெளிகளில் மூன்று டபுள். தொகுதிகளுக்கு நடுவே ஒரு சங்கிலி. ஆறாவது சுற்றில் ஒரு பக்கத்துக்கு 18 டபுளும் 5 சங்கிலியும் இருக்கும். நிறம் மாற்ற விரும்பினால், முடியும் நிறத்தின் கடைசிப் பின்னலில் இறுதியாக நூலைச் சுற்றும் இடத்திலேயே புது நிறத்தைச் சுற்றி இழுக்க வேண்டும். அடுத்த பின்னலில் மாற்றினால் முந்தைய நிறம் மேலே எட்டிப் பார்க்கும்.

முப்பதையும் அடுக்கி வைத்தால் அளவுகள் ஒத்திருக்காது. இதற்காக எதையும் பிரிக்க வேண்டாம். ஒவ்வொரு சதுரத்தைச் சுற்றியும் ஒரே நிறத்தில் ஒரு சுற்றுச் சிங்கிள் போட்டு, பக்கத்துக்கு 22, மூலையில் இரண்டு சங்கிலி என்று கணக்கைச் சமமாக்குங்கள். டபுள் வரிசைகளின் ஓரத்தில் வரிசைக்கு இரண்டு வீதமும், சிங்கிள் வரிசைகளின் ஓரத்தில் ஒன்று வீதமும் போட்டால் ஏறத்தாழப் பொருந்தும். மிஞ்சினால் தாண்டுங்கள், குறைந்தால் ஒரே இடத்தில் இரண்டு போடுங்கள். பிறகு தடித்த துண்டின்மேல் 15 செ.மீ.க்கு இழுத்துக் குண்டூசி குத்தி, நீர் தெளித்து, உலரவிடுங்கள். அக்ரிலிக் மீது இஸ்திரிப் பெட்டியை வைத்தால் நூல் உயிரற்றுத் தட்டையாகிவிடும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

நூல் முனைகளை 15 செ.மீ. விட்டே வெட்டுங்கள். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால் சில துவைப்புகளில் அவிழும். மழுங்கிய ஊசியில் கோத்து, ஒரு திசையில் ஓட்டி, திரும்பி மறு திசையில் ஓட்டி, மூன்றாவது முறையும் திருப்புங்கள். இதைச் சதுரத்துக்குச் சதுரம் செய்யாதவர்கள் இறுதியில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதற்கே கொடுக்க வேண்டியிருக்கும்.

இணைக்கும்போது, ஒரே வகை இரண்டு அருகருகே வராதபடி தரையில் பரப்பி, புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரு சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, வெளிப்பக்கத்து இழைகளை மட்டும் எடுத்துத் தையலூசியால் சுற்றித் தைத்தால் கோடு தட்டையாக அமரும். முதலில் எல்லாக் கிடைக்கோடுகளையும், பின்னர் எல்லாச் செங்குத்துக் கோடுகளையும் ஒரே ஓட்டமாகத் தையுங்கள். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் கின்னஸ் சாதனையாக அளக்கப்பட்ட 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையும் பலர் கைகளில் உருவான துண்டுகளை இணைத்துச் செய்யப்பட்டதுதான்.

வெளியோரத்துக்கு மூன்று சுற்றுச் சிங்கிள் போதும். மூலை ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் மூன்று போட்டால் அது மடங்காது. துவைத்த போர்வையைக் கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும் என்பதால் பாயில் விரித்து நிழலில் உலர்த்துங்கள். ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு மூன்று மீட்டர் நூலைச் சுற்றி எடுத்து வையுங்கள். எங்காவது இழை அறுந்தால் அதே நிறம் கடையில் மறுபடி கிடைப்பது அரிது.