கடலின் கடிகாரத்தை மறந்து நடப்பவர்கள்: ஃபைஃப் கடலோரப் பாதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபோர்த், டே என்னும் இரு கழிமுகங்களுக்கு நடுவே கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதியின் பெயர் ஃபைஃப். அதன் விளிம்பை ஒட்டி, கின்கார்டினில் தொடங்கி நியூபர்க் வரை 117 மைல், அதாவது ஏறக்குறைய 188 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை செல்கிறது. அதை முழுவதுமாக நடப்பவர்கள் குறைவு. வெளியூரிலிருந்து வருபவர்களில் பெரும்பாலோர் கிழக்கு மூலையில் உள்ள ஈலி, செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர், கிரெய்ல் ஆகிய மீனவ ஊர்களையும், அவற்றுக்கு அப்பால் செயின்ட் ஆண்ட்ரூஸையும் இணைக்கும் பகுதியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கும், உயர்ந்த மலை எதுவும் இராது. ஆகவே இது மாலை உலாவுக்கு ஏற்ற வழி என்று தோன்றும். இங்கே நேரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன.

முதன்மையான தவறு, கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று பாராமல் புறப்படுவது. கடல் இப்படி நாள்தோறும் ஏறி இறங்குவதே ஓதம். சென்னைக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே என்பதால், கரையில் நடக்க ஓத அட்டவணையைப் பார்க்கும் பழக்கம் மீனவர் அல்லாத நம்மில் பலருக்கு இல்லை. ஃபோர்த் கழிமுகத்தில் அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி இந்த வேறுபாடு ஐந்து மீட்டரை நெருங்குகிறது. அதுவும் ஒரே சீராக ஏறுவதில்லை. நீர் ஏறும் ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் மொத்த உயரத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கும், இரண்டாவதில் இரண்டு பங்கும், மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கும் ஏறும், பிறகு வேகம் குறையும் என்பது மாலுமிகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அப்படியென்றால் நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்துக்குள் ஓர் ஆளை மூழ்கடிக்கும் அளவுக்கு நீர் உயர்ந்துவிடும். ‘இப்போதுதானே வற்றியது, இன்னும் நேரம் இருக்கிறது’ என்று பாறையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் சிக்கிக்கொள்வது இந்த இடைப்பட்ட நேரத்தில்தான்.

அட்டவணையைப் பார்த்தவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அச்சிட்ட ஓத அட்டவணைகள் பலவற்றில் நேரம் கிரீனிச் கணக்கில் இருக்கும். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனின் கடிகாரங்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. அட்டவணையில் பதினொன்று என்று இருந்தால் உங்கள் கைக்கடிகாரத்தில் அது பன்னிரண்டு. கைபேசிச் செயலிகளில் சில இந்தத் திருத்தத்தைச் செய்தே காட்டுகின்றன, சில காட்டுவதில்லை. எந்தக் கணக்கு என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். அதோடு ஒவ்வொரு நாளும் ஓதம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது என்பதால், நேற்று ஒருவர் சொன்ன நேரத்தை இன்றைக்கு நம்புவதில் பொருளில்லை.

இந்தக் கணக்கு எங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது என்றால், ஈலிக்கு மேற்கே கின்கிரெய்க் முனையில் உள்ள சங்கிலி நடையில். 1920களில் பாறைமுகத்தில் அமைக்கப்பட்ட சங்கிலிகளைப் பிற்காலத்தில் மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டு செங்குத்தான பாறையின் அடிவாரத்தில் ஏறியும் இறங்கியும் பக்கவாட்டில் நகர்ந்தும் செல்ல வேண்டும். தொலைவு அரைக் கிலோமீட்டர் அளவே என்றாலும் இரண்டு மணி நேரம் ஒதுக்குவது நல்லது. நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது இறங்க வேண்டும். ஏறத் தொடங்கிவிட்டால், எவ்வளவு தாழ்வாகத் தெரிந்தாலும், அன்றைக்கு அதை விட்டுவிட வேண்டும். கடலிலிருந்து காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அட்டவணை சாதகமாக இருந்தாலும் அலை பாறையில் ஏறி அடிக்கும். பாசி படிந்த பாறையில் வழுக்காத காலணி தேவை, இரண்டு கைகளும் வெறுமையாக இருக்க வேண்டும், சிறு குழந்தையையோ நாயையோ அழைத்துவரக் கூடாது. முறையான கடலோரப் பாதை இந்த முனையின் மேட்டைக் கடந்து மேலே செல்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலப் பீரங்கித் தளத்தின் எச்சங்களும் அங்கேதான் இருக்கின்றன. என்னைக் கேட்டால், முதல் முறை வருபவர் மேல்வழியாகச் சென்று, கீழே சங்கிலிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று பார்த்துவைத்துக்கொண்டு, மறுமுறை இறங்குவதே முறை. நீரால் சூழப்பட்டவர்கள் செங்குத்துப் பாறையில் ஏறித் தப்ப முயல்வது அடுத்த விபத்துக்கே வழிவகுக்கும். எட்டிய வரை நீருக்கு மேலான இடத்தில் நின்றுகொண்டு, 999 எண்ணை அழைத்துக் கடலோரக் காவற்படை வேண்டும் என்று கேட்க வேண்டும்.

சங்கிலி நடையைத் தவிர்த்துவிட்டால் ஓதத்தைப் பற்றிக் கவலையில்லை என்பதும் சரியல்ல. செயின்ட் மோனன்ஸ் ஊரின் பழைய தேவாலயத்தருகே, கடல் உயரும் நேரங்களில் வழி நீரில் மறைந்துபோகும். அதற்கென மாற்று வழியைக் குறித்திருக்கிறார்கள், அந்தப் பலகையைப் பொருட்படுத்தாமல் போகிறவர்கள் நனைந்துகொண்டு திரும்புகிறார்கள். இன்னும் கடினமானது போர்ஹில்ஸ் ஊருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கும் இடைப்பட்ட பகுதி. பாதை பல இடங்களில் கரைக்கே இறங்கிப் பாறைகளுக்கிடையே செல்லும். சமதளத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவருக்கு இங்கே மூன்று வந்தாலே பெரிது. ஈலியிலிருந்து கிரெய்ல் 17 கிலோமீட்டர், கிரெய்லிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் 21 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எண்ணில் வேறுபாடு சிறிதுதான், ஆனால் முன்னதை நடந்த வேகத்தை வைத்துப் பின்னதற்கு நேரம் கணித்தவர்கள் இருட்டில் வந்து சேர்கிறார்கள். டிசம்பர் இறுதியில் இங்கே பகல் ஏறத்தாழ ஏழு மணி நேரம் மட்டுமே. மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

கோடையில் வேறொரு தொல்லை. நிலம் சூடேறியிருக்கும் நாளில், குளிர்ந்த வடகடலின் மேல் இதமான காற்று வந்து படியும்போது திடீரென்று கடல்மூடுபனி எழுந்து கரையை மூடிவிடும். உள்ளூர்க்காரர்கள் இதை ‘ஹார்’ என்கிறார்கள். இரண்டு கிலோமீட்டர் உள்ளே வெயில் அடித்துக்கொண்டிருக்க, கரையில் குளிர் நடுக்கும். வானிலை அறிக்கையில் வெயில் என்று பார்த்துவிட்டு மேலாடை இல்லாமல் வருவது ஜூன் மாதத்திலும் தவறுதான்.

உடலுக்குத் தீங்கு செய்யாத, ஆனால் பயணத்தின் பயனையே கெடுக்கும் தவறு, பாதையோரச் சின்னங்களைத் தவறாகப் படிப்பது. செயின்ட் மோனன்ஸுக்குக் கிழக்கே நிற்கும் காற்றாலையை மாவரைக்கும் ஆலை என்றே பலரும் எண்ணிப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல்நீரை இறைத்து உப்புக் கொட்டில்களுக்கு அனுப்புவதற்காக எழுப்பப்பட்டது அது. வெயிலை நம்பிப் பாத்தி கட்ட முடியாத நாடு என்பதால், அருகிலேயே வெட்டிய நிலக்கரியை எரித்து, பெரிய இரும்புத் தட்டங்களில் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். காற்றாலைக்குக் கீழே புல்லுக்கடியில் மேடும் பள்ளமுமாகத் தெரிபவை அந்தக் கொட்டில்களின் அடித்தளங்களே. அவற்றைப் பாராமல் காற்றாலையை மட்டும் பார்த்தால் கதையில் பாதிதான் கிடைக்கும்.

ஊர்ப் பெயர்களிலும் வரலாறு ஒளிந்திருக்கிறது. பிட்டன்வீம் என்பதற்குக் குகைகளின் இடம் என்று பொருள். தென்மேற்கே உள்ள கிழக்கு வீம்ஸ் ஊரின் பெயரும் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் குகை என்னும் அதே சொல்லிலிருந்து வந்தது. வீம்ஸ் குகைகளின் சுவர்களில், ஸ்காட்லாந்தின் பழங்குடிகளான பிக்ட் மக்கள் செதுக்கிய குறியீடுகள் உள்ளன. அவை மென்மையான மணற்கல்லில் இருப்பதால் கையால் தடவுவதும், படம் தெளிவாக வரட்டும் என்று கோட்டின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் தீட்டுவதும் அழிவைத் துரிதப்படுத்தும். வேலியிட்டு மூடிய குகைகளுக்குள் கூரை இடியும் ஆபத்து உண்டு; வழிகாட்டியோடு செல்வதே தகும். பிட்டன்வீமின் புனித ஃபில்லன் குகை பூட்டியே இருக்கும், ஊருக்குள் சாவி வாங்கிக்கொண்டுதான் திறக்க வேண்டும். நேரே வாசலுக்குப் போய் ஏமாந்து திரும்பாதீர்கள். கிரெய்ல் கரையில், முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முந்திய மரங்களின் கல்லாகிப்போன அடிப்பகுதிகள் ஓதம் வற்றும்போது வெளிப்படும். அவற்றைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பவர்களை என்ன சொல்வது?

ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும்வரை பெரும்பாலான நிலங்களில் யாரும் நடந்து செல்லலாம் என்கிறது. இதைக் கேள்விப்பட்டு எங்கும் போகலாம் என்று பொருள்கொள்வது தவறு. பயிர் நிற்கும் வயலின் நடுவே நடக்க உரிமை இல்லை, ஓரமாகத்தான் செல்ல வேண்டும். இந்தக் கரையில் கோல்ஃப் மைதானங்கள் நிறைய உண்டு. அவற்றைக் கடக்கலாம், ஆனால் பந்தைக் குழியில் விழச்செய்யும் மழித்த புல்தரையை மிதிக்கக் கூடாது, அடிக்கத் தயாராகும் ஆட்டக்காரர் முடிக்கும்வரை நிற்க வேண்டும்.

ஆன்ஸ்ட்ரதரிலிருந்து மே தீவுக்குப் படகில் சென்று பஃபின் பறவைகளைப் பார்க்க நினைப்பவர்கள் ஆகஸ்ட் பிற்பகுதியில் வந்து வெறுங்கடலைப் பார்த்துத் திரும்புவது வாடிக்கை. அம்மாதத் தொடக்கத்திலேயே அவை கூட்டைவிட்டுக் கடலுக்குப் போய்விடுகின்றன. மே, ஜூன் மாதங்களே ஏற்ற காலம்.

கடைசியாகப் போக்குவரத்து. பழைய வரைபடங்களில் இந்த ஊர்கள் ஒவ்வொன்றிலும் ரயில் நிலையம் இருக்கும். ஈலிக்கு மேற்கே உள்ள லெவன் என்னும் ஊரிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் வரை சென்ற பயணிகள் ரயில் 1965இலேயே நின்றுவிட்டது. 2024 ஜூன் மாதத்தில் லெவன் வரை மீண்டும் ரயில் ஓடத் தொடங்கினாலும் அதற்குக் கிழக்கே பேருந்தை விட்டால் வழியில்லை. நடை முடியும் ஊரில் பேருந்துக்காகக் காத்திருப்பதைவிட, காரை அங்கேயே நிறுத்திவிட்டுக் காலையில் பேருந்தேறித் தொடங்கும் ஊருக்குப் போய், காரை நோக்கி நடந்து வாருங்கள்; பேருந்து தாமதமானால் காலையில் அரைமணி நேரம்தான் போகும், இருட்டில் குளிரில் நிறுத்தத்தில் நிற்க நேராது. அப்போதும் எந்த ஊரிலிருந்து நடையைத் தொடங்குவது என்பதை அன்றைய ஓத நேரத்தைப் பார்த்தபின்பே முடிவு செய்யுங்கள்.