பெங்களூரில் காவிரியையும் மொழியையும் பற்றிக் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது

பெங்களூருக்கு வேலைக்கு வந்து சேரும் தமிழர் எவரையும் முதல் ஆண்டுக்குள்ளாகவே மூன்று கேள்விகள் தேடி வந்துவிடும். காவிரியில் யார் பக்கம் நியாயம், தமிழ் மூத்ததா கன்னடம் மூத்ததா, தமிழ்நாட்டில் ஏன் இந்தி படிப்பதில்லை என்பவை அவை. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்திலோ, குடியிருப்பின் மாலை நடையிலோ, தர்ஷினியில் நின்றுகொண்டு காபி குடிக்கும்போதோ அவை வெகு சாதாரணமாகக் கேட்கப்படும். கேட்பவர் பெரும்பாலும் பகை மனத்தோடு கேட்பதில்லை. ஆனால் அந்த நொடியில் நாம் ஏழு கோடிப் பேரின் சார்பில் பேச வேண்டியவராக ஆகிவிடுகிறோம். என் அக்கா மகன் இந்த ஆண்டு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டாம் வாரமே இந்தக் கேள்வியில் தடுமாறியதாகச் சொன்னான். அவனுக்குச் சொன்னதைத்தான் இன்னும் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்த இடத்தில் நின்று பேசுகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டு அரசின் வழக்கறிஞராகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். தமிழராக இருப்பதற்கே மன்னிப்புக் கேட்பவர்போல ‘எனக்கு அரசியல் தெரியாது’ என்று நழுவுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் கேட்டவரை அவமதிக்கின்றன என்பது என் கருத்து. இந்த நகரத்தில் வாடகை கொடுத்து, இங்கேயே தண்ணீர் குடித்து, பிள்ளைகளை இங்கேயே படிக்க வைக்கும் ஒருவராகப் பேசுங்கள். அப்படிப் பேசும்போது நம்முடைய ஊர்ப்பற்றும் பொய்யாகாது, எதிரில் இருப்பவரின் பற்றும் சிறுமைப்படாது.

காவிரியைப் பற்றிப் பேச வேண்டுமானால் எண்கள் தெரிந்திருக்க வேண்டும். அவை தெரியாதபோதுதான் குரல் உயர்கிறது. டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். 1892, 1924 ஆகிய ஆண்டுகளில் மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட ஒப்பந்தங்களிலிருந்து வழக்கு தொடங்குகிறது. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது; 1991இல் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. என்று இடைக்கால ஆணை வந்தது. அந்த டிசம்பரில் இந்த நகரத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லை தாண்டினார்கள். 2007இல் வந்த இறுதித் தீர்ப்பு மொத்தம் 740 டி.எம்.சி. எனக் கணக்கிட்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆக உயர்த்தி, எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய அளவை 192இலிருந்து 177.25 ஆகக் குறைத்தது.

அந்தக் கூடுதல் 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூரின் குடிநீருக்காக ஒதுக்கப்பட்டது. நகரத்தில் மூன்றில் ஒரு பகுதிதான் காவிரி வடிநிலத்தில் இருக்கிறது என்று நடுவர் மன்றம் கணக்கிட்டிருந்தது. குடிநீரை அப்படி அளந்து பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் மேடேறி நம் குழாய்க்கு வரும் தண்ணீர் கர்நாடகத்தின் கணக்கில் வருவது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மர்பி டவுனிலும் வாழும் தமிழர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள். ஆகவே இங்கிருந்துகொண்டு ‘கர்நாடகம் ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது’ என்ற தொனியில் பேசும் உரிமை நமக்குக் கிடையாது. அதேபோல, ஆகஸ்டில் 45.95 டி.எம்.சி. வர வேண்டும் என்ற மாத அட்டவணை தஞ்சாவூர் விவசாயிக்கு நாற்றங்காலைக் காக்கும் கணக்கு என்பதை எடுத்துச் சொல்லத் தயங்கவும் வேண்டாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவர் பேச்சை மற்றவர்கள் கேட்பார்கள்.

நல்ல மழை பெய்யும் ஆண்டில் இந்தச் சண்டையே எழுவதில்லை என்பதைக் கவனியுங்கள். கிருஷ்ணராஜ சாகர் நிரம்பினால் உபரி தானாக மேட்டூருக்கு வந்துவிடும். தென்மேற்குப் பருவமழை பொய்க்கும் ஆண்டில் பற்றாக்குறையை எந்த விகிதத்தில் பகிர்வது என்பதுதான் இன்னும் முழுதாகத் தீராத சிக்கல். விகிதாசாரப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற கொள்கை தீர்ப்பில் இருக்கிறது. இரு மாநிலமும் மனமொப்பி ஏற்ற சூத்திரம் இல்லை. பேச்சை இந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், ‘நீங்கள் திருடுகிறீர்கள், நாங்கள் இழக்கிறோம்’ என்பது நின்று, ‘பஞ்ச காலத்தில் என்ன செய்யலாம்’ என்று அது திரும்பும். எத்தனையோ முறை இதை நான் கண்டிருக்கிறேன்.

2016 செப்டம்பரில் நகரத்தில் பேருந்துகள் எரிக்கப்பட்ட பிறகு, இரண்டு வாரம் எங்கள் பிரிவில் தமிழர்களும் கன்னடர்களும் தனித்தனியாகச் சாப்பிட்டோம். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த நண்பர் மண்டியா பக்கத்தவர். அவருடைய தந்தைக்கு விஸ்வேஸ்வரய்யா கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் கரும்பும். நான் தயங்கித் தயங்கி, “அப்பா இந்த வருஷம் என்ன வெச்சிருக்கார் சார்?” என்று கேட்டேன். நாற்று விட்டது காய்ந்துவிட்டதாகச் சொன்னார். திருவையாற்றுக்கு அருகே என் பெரியப்பா குறுவையை விட்டுவிட்டு, சம்பாவையாவது பிழைக்க வைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருப்பதாக நான் சொன்னேன். அதன்பின் பேசியதெல்லாம் விதைநெல், ஆழ்துளைக் கிணறு, கூட்டுறவுக் கடன் ஆகியவை பற்றித்தான். கருத்து கேட்கப்படும்போது, எதிரில் இருப்பவரின் குடும்பத்துக்கும் அந்த ஆற்றுக்கும் என்ன உறவு என்று முதலில் விசாரிக்கும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்து வந்தது. உங்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

காலமும் முக்கியம். கடையடைப்பு அறிவிக்கப்பட்ட வாரத்தில் தெருவில் நின்று இதைப் பேசாதீர்கள். 2023 செப்டம்பர் 26 அன்று நகரம் அடைக்கப்பட்டபோது, எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய பழைய காணொளி ஒன்று அன்று காலை நடந்ததாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக இன்னொரு காணொளி அனுப்புவதால் பயனில்லை. அணையின் அன்றைய நீர்மட்டம், காவிரி மேலாண்மை ஆணையம் பிறப்பித்த உத்தரவு ஆகிய இரண்டை மட்டும் நாளிதழில் பார்த்து எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

மொழியின் வயதைப் பற்றிய கேள்வி காவிரியைவிடக் கூர்மையானது. 2025இல் சென்னை மேடை ஒன்றில், தமிழிலிருந்துதான் கன்னடம் பிறந்தது என்று ஒருவர் சொன்ன சொல் இங்கே பல வாரம் எரிந்தது. என் நிலை தெளிவானது: அது தவறு, தவறு என்பதைத் தமிழராகிய நாமே சொல்ல வேண்டும். இரண்டும் ஒரு தாயின் மக்கள் என்பதுதான் மொழியியல் சொல்வது, அதற்குச் சான்று நம் வாயிலேயே இருக்கிறது. நாம் ‘செவி’ என்பதைக் கன்னடர் ‘கிவி’ என்கிறார்கள். நம்முடைய ‘செய்’ பழைய கன்னடத்தில் ‘கெய்’. நாம் ‘செம்மை’ என்று சொல்லும் நிறம் அவர்களுக்குக் ‘கெம்பு’, நகைக்கடையில் கெம்புக் கல் என்கிறோமே அந்தக் கெம்பு. இந்தச் சொற்களில் மூலமொழியில் இருந்த ககரம் தமிழில் சகரமாகத் திரிந்துவிட்டது, கன்னடம் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மறுபுறம் ‘பால்’, ‘புலி’, ‘பள்ளி’ என்ற சொற்களில் பகரத்தை நாம் வைத்திருக்கிறோம், அவர்கள் ‘ஹாலு’, ‘ஹுலி’, ‘ஹள்ளி’ என்று மாற்றிக்கொண்டார்கள். ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்திருந்தால் இப்படி இரு பக்கமும் பழமை சிதறிக் கிடக்காது. இதைச் சொல்லும்போது கன்னட நண்பர்கள் அடையும் மகிழ்ச்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களே அடுத்த சொல்லைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். தமிழில் கிடைக்கும் இலக்கியம் மிகப் பழையது என்பதையும் அதே உரையாடலில் சொல்லலாம். அது உண்மை, அதனால் எவருக்கும் குறைவில்லை.

2024க்கான விருது வரை கன்னடத்துக்கு எட்டு ஞானபீட விருதுகள் கிடைத்திருந்தன, தமிழுக்கு இரண்டு. அந்த எட்டில் 1983க்கான விருதைப் பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காருக்கு வீட்டு மொழி தமிழ். 1973க்கான விருதைப் பெற்ற பேந்த்ரேவுக்கு மராத்தி. ‘இந்த ஊர் யாருக்குச் சொந்தம்’ என்ற பேச்சு எழுந்தால், கோபப்படாமல் இந்தப் பெயர்களை நினைவூட்டுங்கள். தர்மராயசுவாமி கோயிலிலிருந்து ஆண்டுதோறும் புறப்படும் கரகத்தைச் சுமப்பவர்கள் திகளர்கள். தமிழ் கலந்து பேசும் தோட்டக்காரச் சமூகத்தினர். அந்தக் கரகம் மஸ்தான் சாகிபு தர்காவுக்கும் போய் வருகிறது. நகரத்தின் தலையாய விழாவே இப்படி இருக்கும்போது, கண்டோன்மென்ட்டின் பழைய தமிழ்க் குடும்பங்களை வந்தேறிகள் என்பது பொருந்தாது. ஆனாலும் இதை உரிமை கொண்டாடும் தொனியில் சொன்னால் எடுபடாது. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சில நாளிலேயே சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. கொடுக்கலும் வாங்கலும் சேர்ந்து நடந்ததால்தான் அது முடிந்தது.

இந்தியைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதிலே போதும். அரசமைப்பின் 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்கிறது. தேசிய மொழி என்று எந்த மொழியையும் அரசமைப்பு குறிப்பிடவில்லை. எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. தமிழ்நாடு 1968 முதல் இருமொழிக் கொள்கையில் இருக்கிறது. கேட்பவர் கன்னடராக இருந்தால், நீங்களும் எங்களைப் போலப் போராடுங்கள் என்று பாடம் நடத்த வேண்டாம்; பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் தரச் சொன்ன கோகாக் அறிக்கைக்காக 1980களின் தொடக்கத்தில் தெருவில் இறங்கியவர்கள் அவர்கள். தொகுதி மறுவரையறை பற்றிப் பேச்சு வந்தால், மக்களவையில் 39 இடங்கள் உள்ள தமிழ்நாட்டுக்கும் 28 இடங்கள் உள்ள கர்நாடகத்துக்கும் இருப்பது ஒரே கவலை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை கன்னடம் கற்பது. நாட்டு நடப்பு பேசும் அளவுக்கு உடனே வராது. ‘நனகெ கன்னட ஸ்வல்ப பருத்தெ, கலீதா இதீனி’ (எனக்குக் கன்னடம் கொஞ்சம் வரும், கற்றுக்கொண்டிருக்கிறேன்) என்று தொடங்கும் துணிவு போதும். எழுத்தையும் படியுங்கள். பேருந்தின் பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரிந்தவர் சொல்லும் கருத்துக்கும், பதினைந்து ஆண்டு இருந்தும் தெரியாதவர் சொல்லும் கருத்துக்கும் இங்கே ஒரே எடை கிடைப்பதில்லை. அது நியாயம்தான்.

கடைசியாக, ஊரிலிருந்து வரும் தொலைபேசி. காவிரிச் செய்தி தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கியதும், “அங்க நம்ம ஆளுங்கள அடிக்கிறாங்களாமே, கிளம்பி வந்துருங்கப்பா” என்று சித்தியோ மாமாவோ அழைப்பார்கள். அவர்கள் அச்சத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். 1991ஐ நேரில் கண்டவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். எந்தப் பகுதியில் என்ன நடந்தது, நம் தெருவில் கடை திறந்திருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போனானா என்று அன்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். 2016இல் என் பெரியப்பா அழைத்தபோது, பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாள் அன்றிரவு எங்களைத் தம் வீட்டில் தங்கச் சொன்னதையும், எங்கள் காரின் தமிழ்நாட்டு எண் பலகை தெரியாதபடி அவருடைய மகன் தார்ப்பாய் போட்டு மூடி வைத்ததையும் சொன்னேன். பெரியப்பா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த அம்மாளுக்கு எந்த ஊர், அவர்கள் பக்கம் மழை எப்படி என்று கேட்டார்.