இளைப்பு என்று வருபவருக்கு ஆஸ்துமாவா, சிஓபிடியா? நர்சிங் மாணவிகளுக்கு

செங்கோட்டைப் பக்கம் சாரல் தொடங்கிவிட்டால் வார்டில் ஆஸ்துமாக்காரரும் இளைப்பு என்பார், சிஓபிடிக்காரரும் (மூச்சுக்குழாய் நிரந்தரமாகக் குறுகிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) இளைப்பு என்பார். ஆரியங்காவு பக்கத்து மலையாளத்துக்காரர்கள் 'வலிவு' என்பார்கள். அது வலி இல்லை, வீசிங், அதாவது மூச்சில் வரும் விசில் சத்தம். படிக்கும்போது நான் நெஞ்சுவலி என்றே எழுதிவிட்டேன், நீங்கள் கேட்டு எழுதுங்கள்.

முதலில் கதை கேளுங்கள். சின்ன வயதிலேயே தொடக்கம், தும்மல், வீட்டில் இன்னொருவருக்கும் உண்டு, விடியற்காலையில் கூடும், இடையில் பல நாள் ஒன்றுமே இராது என்றால் ஆஸ்துமா பக்கம். 40 வயதுக்கு மேல் சளியும் இருமலுமாய் ஆரம்பித்து, வருடா வருடம் மோசமாகி, முழுசாக விடுவதே இல்லை என்றால் சிஓபிடி பக்கம். பீடி பழக்கத்தை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், 30 வருடம் விறகடுப்பு ஊதிய ஆச்சிக்கும் சிஓபிடி வரும்.

அப்புறம் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளக்கும் சோதனை. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதும்போது எஃப்இவி1 (முதல் நொடியில் ஊதி வெளிவிடும் காற்று) அளவு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவுக்குச் சாதகம். மருந்துக்குப் பிறகும் எஃப்இவி1-ஐ எஃப்விசியால் (முழுதாக ஊதி வெளிவிடும் மொத்தக் காற்று) வகுத்தது 0.70-க்குக் கீழேயே நின்றால் சிஓபிடி. இரண்டும் சேர்ந்தவர்களும் உண்டு.

இனி ஆக்சிஜன், நான் தவறிய இடம். சிஓபிடி தாத்தா ஒருவருக்கு விரலில் மாட்டும் கருவி ரத்த ஆக்சிஜன் 89 சதவீதம் என்று காட்டியது, பதறி ஆக்சிஜனை நிமிடத்துக்கு 6 லிட்டருக்குத் திருப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் 97, தாத்தா நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைத்தேன். "எழுப்பிப் பாரு புள்ள" என்றார் மூத்த சிஸ்டர். எழுப்ப முடியவில்லை, கார்பன் டை ஆக்சைடு ஏறியிருந்தது. மூச்சு விடும் உந்துதல் குறைவதால் என்று மட்டும் மனப்பாடம் செய்வோம், ஆனால் காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிக்கும் ரத்தம் பாயத் தொடங்குவதுதான் பெரிய காரணம். சிஓபிடிக்கு இலக்கு 88–92, ஆஸ்துமாவுக்கு 94–98. அந்த 89 சரியான அளவுதான். சிஓபிடிக்கு நான் கேட்டு வாங்குவது வெஞ்சுரி மாஸ்க், ஆக்சிஜனைக் குறித்த சதவீதத்தில் கலந்து கொடுக்கும் முகமூடி. அதில் மாட்டும் நீல முனை 2 லிட்டரில் 24 சதவீதம், வெள்ளை முனை 4 லிட்டரில் 28, சதவீதம் நம் கட்டுப்பாட்டில் நிற்கும்.

ஆஸ்துமாவில் பயப்பட வேண்டியது வேறு. திணறிக்கொண்டிருந்தவரின் வீசிங் சத்தம் திடீரென அடங்கினால் அது குணம் இல்லை, காற்றே போகவில்லை, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பிறகு சேர்த்தது: நெபுலைசரை (மருந்தை ஆவிபோல் ஆக்கி மூச்சில் கொடுக்கும் கருவி) ஆக்சிஜனில் ஓட்டலாமா என்று பலர் கேட்டீர்கள். கடும் ஆஸ்துமாவுக்கு ஓட்டலாம். சிஓபிடிக்கு கம்ப்ரசர் காற்றில் ஓட்டி, ஆக்சிஜன் தேவைப்பட்டால் மூக்குக் குழாயில் தனியாகக் கொடுங்கள்.